பெங்களூரு வருமானம், ஊர் வருமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த குடும்பங்களும், வரலாமா என்று யோசிப்பவர்களும், நகரமயமாதலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். நாட்டுக் கணக்கும் உண்டு, வீட்டுக் கணக்கும் உண்டு. ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் வருமான வித்தியாசம் இன்றைக்கு எவ்வளவு?

நம்மிடம் உள்ள பெரிய அரசுக் கணக்கு வருமானத்தை அளப்பதில்லை. குடும்பச் செலவை அளக்கிறது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். அதாவது நகரம் சுமார் 70 சதவீதம் கூடுதல். 2011-12-ல் இதே கணக்கு 1,430, 2,630 என்று இருந்தது. அப்போது வித்தியாசம் 84 சதவீதம்.

மாநிலவாரியாகப் பார்த்தால்தான் நமக்கு நெருக்கமான செய்தி கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கிராமம் 5,701, நகரம் 8,165. வித்தியாசம் 43 சதவீதம். கர்நாடகத்தில் கிராமம் 4,903, நகரம் 8,076. வித்தியாசம் 65 சதவீதம். இரண்டு மாநில நகரவாசிகளின் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு கிராமங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், சேலம், ஈரோடு, ஓசூர் என்று நகரங்கள் பரவிக் கிடக்கின்றன. பல கிராமங்களிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் ஒரு தொழிற்பேட்டையை எட்டிவிடலாம். கர்நாடகத்தில் மாநில உற்பத்தியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெங்களூரு நகர மாவட்டம் ஒன்றிலேயே குவிந்திருக்கிறது. எவ்வளவு நகரமயமானது என்பதைவிட, எத்தனை இடங்களில் பரவி நகரமயமானது என்பதுதான் கிராமத்து வருமானத்தைத் தீர்மானிக்கிறது என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் நகரத்தில் இருப்பவர் 70 சதவீதம் கூடுதல் வசதியோடு வாழ்கிறார் என்று அர்த்தமா?

இல்லை. இந்த எண்ணை மேலேயும் இழுக்கலாம், கீழேயும் இழுக்கலாம்.

கீழே இழுப்பது விலைவாசி. 2011-12-க்கு டெண்டுல்கர் குழுவின் முறையில் வகுத்த வறுமைக்கோடு, ஓர் ஆளுக்கு மாதச் செலவாக, கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். ரங்கராஜன் குழு வகுத்தது 972, 1,407. முதல் கணக்கை விலை வித்தியாசமாக எடுத்துக்கொண்டு 6,996 ரூபாயைச் சுருக்கினால், 70 சதவீத இடைவெளி 39 சதவீதம் அளவுக்கு இறங்கும். இரண்டாவதை வைத்தால் 17 சதவீதம்தான் மிஞ்சும். ரங்கராஜன் கோட்டில் விலை மட்டுமல்ல, நகரத்துக்கும் கிராமத்துக்கும் எது அடிப்படைத் தேவை என்ற வேறுபாடும் கலந்திருக்கிறது. ஆகவே அதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்வது பொருத்தம்.

மேலே இழுப்பவை வேறு. செலவுக் கணக்கில் சேமிப்பு வராது. நல்ல சம்பளக்காரர் சம்பாதிப்பதில் ஒரு பகுதியைச் சேமித்துவிடுகிறார். உயர்ந்த அடுக்ககங்களில் வாழும் பெரும் வசதிக்காரர்கள் ஆய்வாளருக்குக் கதவு திறப்பது அபூர்வம். அவர்கள் விடுபட்டால் நகரச் சராசரி குறைந்து காட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகர ஷெட்டில் நான்கைந்து மாதம் தங்கிவிட்டுப் போகிறவர்களும் நகரக் கணக்கில் சரியாக விழுவதில்லை. அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் ஊர்க் குடும்பத்தின் செலவாகப் பதிவாகிறது. இப்படிப் பார்த்தால், 'கிராமத்துச் செலவு உயர்ந்தது' என்று நாம் படிப்பதில் ஒரு பங்கு நகரத்தில் சாந்து குழைத்துச் சம்பாதித்த காசு.

ஒரு ஊர் நகரமா கிராமமா என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதனால் கணக்கு மாறுமா?

மாறும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போல் அரசு அறிவித்தவை எல்லாம் நகரம். அவை தவிர, மக்கள்தொகை குறைந்தது 5,000, முழுநேர வேலையிலிருக்கும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத தொழில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி என்ற மூன்றும் பொருந்தினால் அதைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று பதிவு செய்வார்கள். 2001-ல் 1,362 ஆக இருந்த இவை 2011-ல் 3,890-ஐத் தாண்டிவிட்டன. அந்தப் பத்தாண்டில் நகரவாசிகள் கூடியதில் ஒரு பெரும்பகுதி, எங்கும் குடிபெயராமலேயே நகரவாசி ஆனவர்கள்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, கிராமங்களிலேயே வசதியான கிராமம் நகரக் கணக்குக்குப் போனால் மிச்சமுள்ள கிராமங்களின் சராசரி குறையும், யாருடைய வருமானமும் குறையாமலேயே. இரண்டாவது அதற்கு நேரெதிர். ஆய்வுகள் இன்றும் 2011 எல்லைகளையே கிராமம், நகரம் என்று எடுத்துக்கொள்கின்றன. பெங்களூரு ஓரத்தில் சர்ஜாப்பூர், அத்திபெலே சாலையில் பதினைந்து ஆண்டுகளில் கட்டடக் காடாகிவிட்ட பல இடங்கள் ஏட்டில் இன்னும் கிராமம். அந்த வருமானம் கிராமத்துக் கணக்கில் ஏறி, இடைவெளி குறைந்ததுபோல் காட்டுகிறது. 84 சதவீதம் 70 ஆனதில் இதற்கும் பங்கு இருக்கலாம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்து எல்லைகள் புதுப்பிக்கப்பட்டதும் இடைவெளி திடீரென்று கூடினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த இடைவெளிக்கு அடிப்படைக் காரணம் என்ன?

நாட்டில் வேலை செய்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 46 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள்; நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ நூற்றுக்கு 18 அளவில்தான். ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மற்றதெல்லாம் இந்தக் கணக்கின் விளைவுகள்.

2019-ல் எடுத்த விவசாயக் குடும்பங்களின் நிலை குறித்த ஆய்வு இதை வீட்டளவில் காட்டியது. ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளம் 4,063. பயிர் 3,798. மாடு, ஆடு, கோழி 1,582. மீதி சிறு தொழிலும் குத்தகையும். விவசாயக் குடும்பமே பயிரைவிடக் கூலியில்தான் அதிகம் சம்பாதிக்கிறது.

விளைந்ததும் முழு விலைக்குப் போவதில்லை. ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, நாம் கடையில் தக்காளிக்குக் கொடுக்கும் நூறு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி பெங்களூரு சமையலறைக்கு வருவதற்குள் மண்டிக் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, அழுகல், சில்லறைக்காரர் லாபம் என்று ஒவ்வொன்றாகக் கழிகிறது. அழுகல்தான் இதில் கொடுமையானது. தக்காளியை வைத்திருந்து விற்க முடியாது என்பதால், விலை விழுந்த அன்றைக்கும் விவசாயி விற்றே ஆகவேண்டும். பறிப்புக்கூலிக்கும் கட்டாத நாளில் செடியோடு விட்டுவிடுவது அதனால்தான்.

நகரத்தில் இதற்கு நேர்மாறு. கம்பெனிகளும் வேலையாட்களும் வாடிக்கையாளர்களும் ஒரே இடத்தில் நெருங்கி இருப்பதாலேயே ஒவ்வொருவரின் உழைப்புக்கும் மதிப்பு கூடுகிறது. அதே எலக்ட்ரீஷியன் ஊரில் வாரத்தில் இரண்டு அழைப்புக்குப் போவார். பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரே நாளில் நான்கு வீட்டுக்குப் போவார். கைத்திறன் மாறவில்லை, காத்திருக்கும் நேரம் குறைந்தது.

நகரமயமாதல் முதலில் ஏற்றத்தாழ்வைக் கூட்டி, பிறகு தானாகக் குறைக்கும் என்கிறார்களே?

பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-ல் முன்வைத்த கருத்து அது. ஒரு சிறு கணக்கில் புரிந்துகொள்ளலாம். நூறு பேர் உள்ள நாடு. கிராமத்தில் எல்லோருக்கும் 10 ரூபாய், நகரத்தில் எல்லோருக்கும் 20 ரூபாய். எல்லோரும் கிராமத்தில் இருந்தால் ஏற்றத்தாழ்வே இல்லை. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (எல்லோரும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1) பூஜ்யம். 10 பேர் நகரத்துக்குப் போனால் 0.08. 40 பேர் போனால் 0.17. 80 பேர் போனபின் 0.09. நூறு பேரும் போய்விட்டால் மறுபடி பூஜ்யம். யாருக்கும் நஷ்டமில்லாமலேயே நடுவில் ஏற்றத்தாழ்வு உயர்ந்து இறங்குகிறது. 2011 கணக்குப்படி இந்தியாவில் நகரவாசிகள் 31 சதவீதம், கர்நாடகத்தில் 39, தமிழ்நாட்டில் 48. நாம் அந்த மேட்டின் உச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம்.

ஆனால் 'தானாக' என்ற சொல்லை நாங்கள் ஏற்கவில்லை. இந்தக் கணக்கு, நகரத்துக்கு வந்த எல்லோருக்கும் 20 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறது. ஹாரிஸ், தொடாரோ என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1970-ல் காட்டியது வேறு: மக்கள் நகரத்துக்கு வருவது கிடைக்கும் சம்பளத்தை நம்பி அல்ல, கிடைக்கக்கூடும் என்ற சம்பளத்தை நம்பி. பத்துப் பேருக்கு வேலை இருக்கும் இடத்துக்குப் பதினைந்து பேர் வந்து நிற்பார்கள். காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் சந்திப்பு எதிலாவது ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். அன்று வேலை கிடைக்காமல் தூக்குவாளியோடு திரும்புகிறவர்கள்தான் அந்த ஐந்து பேர்.

ஊரிலிருந்து ஆட்கள் பெங்களூருக்கு வந்துவிட்டால் ஊரில் கூலி உயருமா?

உயரும், ஆனால் தாமதமாக, எல்லோருக்கும் சமமாக அல்ல. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954-ல் எழுதியதன் சாரம் இது: தேவைக்கு மேல் ஆட்கள் நிலத்தில் இருக்கும்வரை, சிலர் வெளியேறினாலும் கூலி அசையாது. உபரி தீர்ந்தபிறகே ஏறும். தருமபுரி போன்ற மானாவாரிப் பகுதிகளில் நடவு, அறுவடை நாட்களில் அந்த நிலை வந்துவிட்டது, மற்ற மாதங்களில் இன்னும் வரவில்லை.

நூறு நாள் வேலைத்திட்டம் கூலிக்கு ஒரு அடித்தளம் போட்டது உண்மை. 2025-26-க்கு தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய், கர்நாடகத்தில் 370. பெங்களூரில் ஒரு சித்தாளுக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது குறைவு என்றாலும், ஊரில் நிலச்சொந்தக்காரர் அதற்குக் கீழே பேரம் பேச முடியாமல் போனது பெரிய மாற்றம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: மிக ஏழைகள் முதலில் வருவதில்லை. வர பஸ் கட்டணம், முதல் மாதச் சாப்பாடு, தெரிந்தவர் ஒருவர் வேண்டும். இவை இல்லாதவர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார். முன்பணம் வாங்கியவர் கூலி பேசுவதில்லை. கழித்துக்கொள்வதும் மேஸ்திரி, கணக்கு எழுதுவதும் மேஸ்திரி. நாள், வேலை, வாங்கிய தொகை மூன்றையும் உங்கள் நோட்டிலோ போனிலோ அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். கணக்கு முடிக்கும் நாளில் உங்கள் பக்கம் ஒரு ஏடு இருப்பதே பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

பெங்களூருக்கு வந்தால் எங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? எப்படிக் கணக்குப் போடுவது?

தினக்கூலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு எண்கள் வேண்டும்: தினக்கூலி, மாதத்தில் உண்மையில் கிடைக்கும் நாட்கள், வாடகையும் முன்தொகைக்கான வட்டியும், ஊரில் இலவசமாகக் கிடைத்து இங்கே காசு கொடுத்து வாங்கவேண்டியவை. மாதிரிக்கு ஒரு கணக்கு. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கணவர் கொத்தனார், நாளுக்கு 900. மனைவி சித்தாள், 600. இருவருக்கும் 22 நாள் என்றால் 33,000 ரூபாய். செலவு: ஓர் அறை, சமையலறை வீட்டுக்கு வாடகை 7,000. பத்து மாத முன்தொகை 70,000-ஐ மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் 1,400. சாப்பாடு, கேஸ் 10,000. பஸ் 2,000. தண்ணீர், கரண்ட் 800. பள்ளி, போன் 2,000. ஊர்ப்பயணம் 1,500. மருத்துவம் 1,500. மொத்தம் 26,200. மிச்சம் 6,800.

ஊரில்: கணவருக்கு நாளுக்கு 700, 14 நாள், மனைவிக்கு 350, 12 நாள். 14,000. சொந்த வீடு, ரேஷன் அரிசி. சாப்பாடு 6,000, மற்றவை 3,000. மிச்சம் 5,000.

வரவில் வித்தியாசம் 19,000 ரூபாய். கையில் நிற்பதில் வித்தியாசம் 1,800. மழையாலோ சிமெண்ட் வராததாலோ நான்கு நாள் வேலை போனால் 6,000 ரூபாய் போய்விடும். அந்த மாதம் 800 ரூபாய்தான் நிற்கும், ஊரில் மிஞ்சுவதைவிடக் குறைவு. தினக்கூலியைவிட வேலை நாள் முக்கியம் என்று சொல்வது இதனால்தான். மேஸ்திரியை மாற்ற நினைக்கும்போது 'கூலி எவ்வளவு' என்று கேட்பதற்கு முன், 'போன மாதம் உங்கள் ஆட்களுக்கு எத்தனை நாள் ஓடியது' என்று அவருடைய ஆட்களிடமே கேளுங்கள்.

கட்டட இடத்து ஷெட்டில் தங்கினால் வாடகையும் வட்டியும் மிச்சம், மாதம் 8,400 கூடும். பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். விலை வேறு விதத்தில் வருகிறது: முகவரிச் சான்று இல்லை, கழிப்பிடம் போதாது, வேலை முடிந்ததும் பிள்ளையின் பள்ளி மாறுகிறது.

வாடகைக்குப் பதில் 'லீஸ்' கேட்டால், அதாவது ஊரில் ஒத்தி என்று சொல்வதுபோல் சில லட்சம் மொத்தமாகக் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது, ஒரு எச்சரிக்கை. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அதைக் கட்டாவிட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். உங்கள் லட்சங்கள் உரிமையாளரிடம் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்று பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தமும் ரொக்கமும் சேர்ந்தால் வழக்குப் போடக்கூடப் பிடிமானம் இருக்காது.

மாநில எல்லை தாண்டினால் எந்த உரிமை கூட வரும், எது வராது?

வருமான இடைவெளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. ஒரு குடும்பத்தின் வருமானம் கூலி மட்டுமல்ல. அரிசி, பஸ், உதவித்தொகை, இடஒதுக்கீடு எல்லாம் வருமானம்தான். எல்லை தாண்டும்போது அவற்றில் பல அறுந்துபோகின்றன.

ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் எல்லா அட்டைக்கும் பொருந்தாது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் பெங்களூரு நியாயவிலைக் கடையில் தானியம் வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருந்தால் முடியாது. அந்த அரிசி தமிழ்நாடு அரசு தன் செலவில் தருவது. வாங்க முடிந்தாலும் பி.எச்.எச். அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ என்ற மத்திய ஒதுக்கீடு மட்டுமே. பருப்பு, பாமாயில் வராது. ஒரு பகுதியை இங்கேயும் மீதியை ஊரில் இருக்கும் பெற்றோர் அங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். அடிக்கடி நடக்கும் தவறு விரல்ரேகை. சிமெண்டில் வேலை செய்பவரின் ரேகை அரித்துப்போய் இயந்திரம் ஏற்காது. அட்டையில் உள்ள வேறு ஒருவரை, பள்ளிப் பிள்ளையானாலும், அழைத்துப் போங்கள். ஆதார் இணைந்திருக்க வேண்டும். உதவி எண் 14445.

பஸ். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம். பெண்களுக்கு இலவசப் பயணம் தரும் கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11 முதல் நடக்கிறது, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்டினால் மட்டும். ஊர் முகவரி ஆதாரோடு ஏறும் பெண் டிக்கெட் எடுக்க வேண்டும். அதேபோல் கர்நாடகம் குடும்பத் தலைவிக்கு மாதம் தரும் கிருஹலட்சுமி 2,000 ரூபாய்க்கு இங்குள்ள ரேஷன் அட்டை வேண்டும். தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய்க்கு அங்குள்ள அட்டை வேண்டும். இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்திருக்க முடியாது, கூடாது. எங்கே அதிக மாதங்கள் இருக்கிறீர்களோ அதை வைத்து ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவெடுங்கள். முடிவெடுக்காமல் இருப்பதுதான் அதிக நஷ்டம்.

சாதிச் சான்று. இதுதான் பலருக்கு மிகத் தாமதமாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக இருப்பவர் குடிபெயர்ந்து வந்தால், அதே சாதிப்பெயர் இங்குள்ள பட்டியலில் இருந்தாலும், கர்நாடக அரசு வேலை, கல்லூரி இடஒதுக்கீட்டில் அவருக்கு அந்த உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 1990-லும் 1994-லும் சொன்னதை 2018-ல் மறுபடி உறுதி செய்தது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் சொந்த மாநிலச் சான்று செல்லும். ஊரிலேயே மிகவும் ஒடுக்கப்பட்ட குடும்பம் நகரத்துக்கு வந்து கூலியில் உயர்ந்து, அடுத்த தலைமுறை மேலேறும் ஏணியில் ஒரு படியை இழப்பது பெரிய அநியாயம்.

கட்டடத் தொழிலாளர் நலவாரியம். மாநிலத்துக்கு ஒன்று. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் என்ற தனி வரியாக வசூலாகி, அந்தக் கட்டடம் நிற்கும் மாநில வாரியத்துக்குப் போகிறது. பெங்களூரில் நீங்கள் எழுப்பும் கட்டடத்தின் செஸ் கர்நாடக வாரியத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு அட்டை வைத்து அதைக் கேட்க முடியாது. வேலை செய்யும் இடத்தில்தான் பதிய வேண்டும். வயது 18 முதல் 60, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலைக்கான சான்று, ஆதார், வங்கிக் கணக்கு தேவை. தடுமாறும் இடம் அந்த 90 நாள் சான்று. மூன்று கட்டடத்தில் வேலை செய்தவருக்கு எந்த ஒப்பந்தக்காரரும் முழுதாக எழுதித் தரமாட்டார். ஒவ்வோர் இடத்திலும் வேலை முடிந்து பணம் வாங்கும் நாளிலேயே அந்த நாட்களுக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எல்லை பார்க்காமல் கூடவே வருபவை: பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (மாதச் சம்பளம் 21,000 வரை), ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா பீமா. அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவும் நாடு முழுக்கச் செல்லும், இலவசம். ஆனால் அது பதிவுதான், அதனால் மட்டும் பணம் எதுவும் வராது. பணம் கேட்டுப் பதிந்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

குடிபெயராமல் தினமும் வந்து போனால்?

கையில் நிற்பது கூடும், நேரம் போகும். கோலார் தங்கவயல் இதற்குப் பெரிய பாடம். 1902-லேயே, பெங்களூருக்கு மூன்றாண்டு முன்பாகவே, சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் அது. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்தில் அதிகாலையில் ரயிலேறிச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்து இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். சீசன் டிக்கெட் மலிவு என்பதால்தான் அந்த ஊர் வாழ்கிறது. ஒரு ரயில் தாமதமானால் ஒரு நாள் கூலி போகிறது.

ஓசூர் நிலைமை மேல். 40 கிலோமீட்டரில் பெங்களூரு, ஊரிலேயே தொழிற்சாலைகள், ரேஷன் அட்டை தமிழ்நாட்டிலேயே இருக்கும், பிள்ளை தமிழ்வழியில் படிக்கலாம், சாதிச் சான்று அறுபடாது. குறை, அங்கேயும் வாடகையும் மனை விலையும் பெங்களூரைத் துரத்திக்கொண்டு ஏறுகின்றன.

நகரம் விரியும்போது சுற்றுவட்டாரக் கிராமத்தார் பணக்காரர் ஆகிறார்களே?

நிலம் வைத்திருப்பவர் ஆகிறார். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி கிராமப்புறத்தில் இழப்பீடு சந்தை மதிப்பின் நான்கு மடங்கு வரை போகலாம். அந்த நிலத்தில் மூன்றாண்டுகளாகக் கூலி வேலை செய்தவரும் குத்தகைக்காரரும் அதே சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் அவர் பெயரில் எந்தத் தாளும் இல்லாததால் பட்டியலில் ஏறுவதில்லை. சந்தை மதிப்பும் பதிவுத்துறை ஆவணத்திலிருந்து எடுப்பது; பத்திரத்தில் குறைத்துக் காட்டியே பழகிய ஊரில் நான்கு மடங்கும் குறைவுதான்.

எல்லோரும் விற்க விரும்புகிறார்கள் என்பதும் சரியல்ல. பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள தேவனஹள்ளியில் 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மூன்றாண்டுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலையில் அரசு கைவிட்டது. பூ, திராட்சை, காய்கறி, பால் என்று பக்கத்து நகரச் சந்தையை நம்பியே நல்ல வருமானம் பார்க்கும் நிலம் அது. நகரத்துக்குப் பக்கத்திலேயே விவசாயமாக இருப்பதும் இடைவெளியைக் குறைக்கும் ஒரு வழிதான்.

நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு?

கிராமங்களுக்குள் இருப்பதைவிடக் கூடுதல். 2023-24 செலவுக் கணக்கில் கினி குறியீடு கிராமத்தில் 0.237, நகரத்தில் 0.284. வசதிக்காரர்கள் விடுபடுவதால் உண்மை இதைவிட அதிகமாகவே இருக்கும். ஒரு மாவட்டத்தின் 'தனிநபர் வருமானம்' என்று செய்தியில் வருவதும் குடும்ப வருமானம் அல்ல. அங்கே நடந்த உற்பத்தியைத் தலைக்கு வகுத்தது. பெங்களூரு மென்பொருள் நிறுவனத்தின் லாபம் ஈஜிபுராவில் வீட்டு வேலை செய்பவரின் பெயரிலும் அந்தச் சராசரியில் ஏறிவிடும்.

பிள்ளைகளை ஊரில் விடுவதா, இங்கே கொண்டுவருவதா?

நகரத்து வருமானம் அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்பது இந்த ஒரு முடிவில் இருக்கிறது. கர்நாடகத்தில் 2015 சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் கன்னடம் ஒரு பாடமாகக் கட்டாயம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் வரும் பிள்ளை ஆறு மாதத்தில் பழகிவிடும். எட்டாம் வகுப்பில் கொண்டுவந்தால் கன்னட எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். பலர் பள்ளியை விட்டு நிற்பது அந்த வயதில்தான். ஆகவே கொண்டுவருவதானால் சிறுவயதில், இல்லையேல் பத்தாம் வகுப்பை ஊரிலேயே முடிக்கவிட்டு.

மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவு அது. சேர்க்கை நடுவருடத்திலும் உண்டு. பள்ளியில் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்கி வந்து சேர்த்தால் போதும்.